ஆடுங் கண்ணாடி

உத்தரபாராத் தொழிற்சாலையில் அம்பாஸடர் வண்டி செய்வது 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றுபோயிற்று. எனினும் அவ்வண்டியைப் போற்றி வைத்திருப்போர் நம் நாட்டில் இன்றும் உளர். அன்னார் மேற்பூச்சின் பளபளப்பில் வைக்கும் சிரத்தையைக் கதவின் வெளிப்புறத்துக் கண்ணாடியில் வைப்பதில்லை. ஓடுங்கால் அது கிடுகிடுவென்று ஆடினும், "பழைய வண்டிதானே" என்று வாளாவிருக்கின்றனர். இது தகாதென்பது எம் அபிப்பிராயம்.

கண்ணாடியே இல்லாத வண்டியை ஓட்டுவோன் தலையைத் திருப்பியேனும் பார்ப்பான். ஆடுங் கண்ணாடியை உடையவனோ, பார்த்துவிட்டதாக எண்ணிக்கொண்டு வண்டியைத் திருப்புகிறான், கதவைத் திறக்கிறான். பின்னே துவிச்சக்கர வண்டியில் வரும் மாணவன் அவன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

மூட்டு முழுவதும் பசையை அப்பிவிடுவோர் சிலர். அதனை யாம் ஒப்போம். கண்ணாடி ஓட்டுவோனுக்கேற்பத் திரும்பவேண்டும். எதிலேனும் இடிபட்டால் சற்று வளைந்துகொடுக்கவும் வேண்டும். பசையால் இறுகியது திரும்பாது. இடிபட்டால் உடையும், அன்றிக் கதவின் தகட்டையே கிழிக்கும்.

தளர்ச்சி எங்கேயென்று முதலில் அறிதல் வேண்டும். தண்டை ஒரு கையாற் பற்றிக் கண்ணாடியை மறு கையால் அசைத்துப் பார்க்க. கண்ணாடி மட்டும் ஆடினால் குறை உருண்டை மூட்டில்; அங்குள்ள திருகைத் திருப்புளியாற் சிறிது முறுக்கினாற் பெரும்பாலும் போதும். தண்டே ஆடினால் குறை கதவில் உள்ளது. மெல்லிய தகட்டில் திருகின் துளை அகன்றுவிட்டதென்க. பட்டறைக்காரர் அதில் பெரிய திருகொன்றைச் செலுத்தி அனுப்பிவிடுவர். அது சில மாதம் தாங்கும். பிறகு துளை இன்னும் அகலும், மழைநீர் புகும், துரு கதவைத் தின்னும். புதிய கண்ணாடி வாங்கி மாட்டினாலும், அதே தகட்டில் அதுவும் ஆடத்தானே செய்யும்?

ஆதலின் கதவின் உள்தட்டியைக் கழற்றித் துருவைச் சுரண்டி, காப்புப் பூச்சுப் பூசுக. துளைக்கு உட்புறம் கனத்த இரும்புத் தகடொன்றை வைத்து, போல்ட்டும் நட்டும் வாஷரும் கொண்டு முடுக்குக. அடிப்பாகத்தின் கீழ் ரப்பர்த் துண்டு இருத்தல் அவசியம். இன்றேல் நீர் மீண்டும் இறங்கும். உள்தட்டியை மூடுமுன் ஜன்னற் கண்ணாடியை ஒருமுறை முழுதும் இறக்கிப் பார்க்கவேண்டும். போல்ட்டின் முனை நீண்டிருப்பின் அதில் மோதி ஜன்னற் கண்ணாடியே நொறுங்கும். அவசரக்காரர் மறப்பது இதனைத்தான். அரைநாள் வேலை, செலவோ சொற்பம்.