மழைக்கோட்டா, ரைடிங் ஜாக்கெட்டா? தினமும் பைக்கில் போகிறவர்கள் எதை வாங்கலாம்?

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னைச் சாலைகளில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். மழை பிடித்ததும் பைக்குகள் எல்லாம் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கும். சீட்டைத் தூக்கி, அடியில் கசங்கிக் கிடக்கும் மழைக்கோட்டை எடுத்து உதறுவார்கள். ஒருவருக்கு ஜிப் போயிருக்கும். இன்னொருவருக்குத் தோள்பட்டைத் தையல் விட்டிருக்கும். 'அடுத்த சம்பளத்துல நல்லதா ஒண்ணு வாங்கிடணும்' என்று சொல்லிக்கொண்டே கிளம்புவார்கள்.

அந்த 'நல்லதா ஒண்ணு' எது என்பதில்தான் குழப்பம். கடையில் சில நூறு ரூபாய்க்கு மழைக்கோட்டும் இருக்கிறது, பத்தாயிரத்தைத் தாண்டும் ரைடிங் ஜாக்கெட்டும் இருக்கிறது. இரண்டிலும் 'வாட்டர்ப்ரூஃப்' என்றே எழுதியிருக்கிறது. வருஷம் முழுக்க, வெயிலிலும் மழையிலும் தினமும் ஆபீஸுக்கு பைக்கில் போகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பது?

முதல் கேள்வி மழை இல்லை

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி, நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள். இதில் 44 சதவிகிதத்துக்கும் மேற்பட்டவர்கள் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு: 64,105 விபத்துகள்.

உயிரைக் காப்பதில் ஹெல்மெட்டுக்குத்தான் முதல் இடம். அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால், பைக் சறுக்கினால் தலைக்கு அடுத்து தரையைத் தொடுவது தோளும் முழங்கையும் முதுகும்தான். காட்டன் சட்டை தார்ச் சாலையில் உரசினால் உடனே கிழியும். அடுத்து உரசுவது தோல். சாதாரண மழைக்கோட்டும் அப்படித்தான்.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. சாலை அதிகம் வழுக்குவது மழை நாளில். அன்றைக்குத்தான் பலர் ரைடிங் ஜாக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டு, வெறும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். ஆக, ஜாக்கெட் வாங்கும்போது 'மழை தாங்குமா' என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. 'சித்திரை வெயிலிலும் இதை நான் போடுவேனா?' போடாமல் ஆணியில் தொங்கும் ஜாக்கெட் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் யாரையும் காப்பாற்றாது.

மழையைத் தடுக்க மூன்று வழிகள்

ரைடிங் ஜாக்கெட்டுகளில் தண்ணீரைத் தடுக்கும் ஏற்பாடு மூன்று விதமாக இருக்கிறது.

முதலாவது, வெளித்துணியோடு சேர்த்தே ஒட்டப்பட்ட மெல்லிய படலம். கோர்டெக்ஸ் போன்ற பெயர்களில் வருவது இது. தண்ணீர் வெளியிலேயே நின்றுவிடும், துணி ஊறாது. விலை அதிகம். காற்று புகாது.

இரண்டாவது, உள்ளே ஜிப் வைத்து மாட்டும் மழை லைனர். உடம்பு நனையாது, ஆனால் வெளித்துணி முழுக்கத் தண்ணீரைக் குடித்துவிடும். ஜாக்கெட் கனக்கும். ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் சொட்டச் சொட்ட எங்கே மாட்டுவது என்று தெரியாது. மழை வந்ததும் நடுவழியில் ஜாக்கெட்டையே கழற்றி, லைனரை மாட்டி, திரும்பப் போட வேண்டும். அதற்குள் பாதி நனைந்திருக்கும்.

மூன்றாவது, ரைடிங் ஜாக்கெட்டுக்கு மேலே போட்டுக்கொள்ளும் தனி மழை ஜாக்கெட். மடித்தால் ஒரு டிபன் பாக்ஸ் அளவுக்குச் சுருங்கிவிடும். தேவைப்படும்போது எடுத்து மேலே மாட்டினால் போதும். உள்ளே இருக்கும் ஜாக்கெட் நனையாது, பாதுகாப்பும் குறையாது.

'மூச்சு விடும்' துணி சென்னையில் மூச்சு விடுமா?

விலை உயர்ந்த ஜாக்கெட்டுகளை விற்கும்போது சொல்லப்படும் முக்கியமான விஷயம், 'வெளியே இருந்து தண்ணீர் வராது, உள்ளே இருக்கும் வியர்வை ஆவியாக வெளியே போய்விடும்' என்பது. இது பொய்யில்லை. அந்தப் படலத்தில் இருக்கும் நுண்துளைகளில் நீர்த்துளி நுழையாது, நீராவி நுழையும்.

ஆனால், ஆவி வெளியே போக வேண்டுமென்றால் உள்ளே ஈரம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். வெளியே குளிராக இருக்கும் ஊர்களில் இந்த வித்தியாசம் நன்றாகக் கிடைக்கும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மழை நேரத்திலும் வெளிக்காற்று வெதுவெதுப்பாக, ஈரம் நிறைந்ததாகவே இருக்கும். வியர்வை ஆவி போக இடமில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். 'ஜாக்கெட் ஒழுகுது' என்று வருகிற புகார்களில் சில உண்மையில் வியர்வைதான்.

அதனால் ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. கடலோரத்திலும் சமவெளியிலும் இருப்பவர்களுக்குக் காற்றோட்டமான மெஷ் ஜாக்கெட்டும், மேலே போட ஒரு தனி மழை ஜாக்கெட்டும் என்ற ஜோடிதான் சரிப்படும். வெயில் நாளில் மெஷ் மட்டும், மழை நாளில் இரண்டும். ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலை ஊர்களில் குளிரும் மழையும் சேர்ந்தே வரும். அங்கே தினமும் ஓட்டுகிறவர்களுக்குப் படலம் ஒட்டிய ஜாக்கெட் கொடுத்த காசுக்கு உழைக்கும்.

லேபிளில் என்ன பார்க்க வேண்டும்?

'வாட்டர் ரெசிஸ்டன்ட்', 'வாட்டர் ரிப்பெலன்ட்' என்று போட்டிருந்தால் தூறலுக்குத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அரை மணி நேர அடைமழைக்கு 'வாட்டர்ப்ரூஃப்' வேண்டும். சில லேபிள்களில் 5,000 மி.மீ., 10,000 மி.மீ. என்று எண் இருக்கும். 10,000 என்றால், அந்தத் துணியின் மேல் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ, அதுவரை தாங்கும் என்று அர்த்தம். எண் கூடக் கூட நல்லது.

ஆனால், அந்த எண் துணிக்கு மட்டும்தான். தையலுக்கும் ஜிப்புக்கும் அது பொருந்தாது. ஊசி போன ஒவ்வோர் இடமும் ஓர் ஓட்டைதான். அதனால் கடையிலேயே ஜாக்கெட்டை உட்புறமாகத் திருப்பிப் பாருங்கள். தையல் ஓடும் இடமெல்லாம் மேலே பட்டையாக டேப் ஒட்டியிருக்க வேண்டும். தோள், அக்குள், கழுத்துப் பட்டை இந்த மூன்று இடங்களையும் விடாமல் பார்க்க வேண்டும்.

முன் ஜிப்புக்கு மேலே மூடுபட்டை இருக்கிறதா, அது ஒட்டுப்பட்டையால் இறுக மூடுகிறதா என்று கவனியுங்கள். ஓட்டும்போது மழை எதிரே இருந்து வேகமாக நெஞ்சில் அடிக்கும். நின்றுகொண்டிருக்கும்போது நனையாத ஜிப், ஓடும் வண்டியில் நனைத்துவிடும். கழுத்தும் மணிக்கட்டும் இறுக்கிக்கொள்ளும்படி இருக்க வேண்டும்.

ஜாக்கெட்டோடு பேன்ட்டும் சேர்த்தே வாங்குவது நல்லது. நெஞ்சில் விழும் தண்ணீர் வழிந்து சீட்டில்தான் தேங்கும். மேலே காய்ந்து கீழே நனைந்து ஆபீஸுக்குள் நுழைகிற அவஸ்தை பலருக்குத் தெரிந்ததுதான்.

பேட் எங்கே இருக்கிறது?

ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ரைடிங் ஜாக்கெட்டுக்கு நம் நாட்டில் அப்படிக் கட்டாய முத்திரை கிடையாது. அதனால் ஐரோப்பியத் தரமான 'சி.இ.' குறியைப் பார்த்து வாங்குகிறார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தோளிலும் முழங்கையிலும் இருக்கும் பேடுக்கு ஒரு தரம், முழு ஜாக்கெட்டுக்கு இன்னொரு தரம். பேடில் 'லெவல் 1' அல்லது 'லெவல் 2' என்று இருக்கும். லெவல் 2 இன்னும் குறைவான அடியைத்தான் உடம்புக்குக் கடத்தும். முழு ஜாக்கெட்டுக்கான தரம் 'இ.என். 17092'. அதில் ஏ.ஏ.ஏ. என்பது உச்சம், அடுத்து ஏ.ஏ., பிறகு ஏ. நகருக்குள் ஓட்டுவதற்கு ஏ போதும். நெடுஞ்சாலையில் தினமும் போகிறவர்கள் ஏ.ஏ. தேடலாம். 'சி.இ. சான்று பெற்றது' என்று விற்பனையாளர் சொன்னால், 'பேடுக்கா, ஜாக்கெட்டுக்கா?' என்று கேட்டுவிடுங்கள்.

முதுகையும் தொட்டுப் பாருங்கள். பல ஜாக்கெட்டுகளில் முதுகுப் பகுதியில் வெறும் ஸ்பாஞ்சுதான் இருக்கும். நல்ல முதுகுப் பேடைத் தனியாக வாங்கிச் செருகிக்கொள்ளலாம்.

அளவும் நிறமும்

கண்ணாடி முன்னால் நின்று பார்த்து ஜாக்கெட் வாங்கக் கூடாது. பைக் ஓட்டுகிற மாதிரி உட்கார்ந்து, கைகளை ஹேண்டில்பாரில் வைப்பதுபோல நீட்டிப் பாருங்கள். முழங்கைப் பேட் முழங்கையிலேயே நிற்கிறதா, கை மேலே ஏறி மணிக்கட்டு தெரிகிறதா, முதுகு தூக்கிக்கொள்கிறதா என்று அப்போதுதான் தெரியும். விழும்போது பேட் விலகினால் அது இருந்தும் பயனில்லை. மேலே போடும் மழை ஜாக்கெட்டை, உள்ளே ரைடிங் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டேதான் அளவு பார்க்க வேண்டும்.

பெண்களுக்கான அளவில் தனியாகவே ஜாக்கெட்டுகள் வருகின்றன. ஆண்கள் ஜாக்கெட்டில் சின்ன சைஸ் எடுத்தால் தோள் தொங்கும், இடுப்பில் பிடிக்கும், பேட் இடம் மாறும். ஸ்கூட்டரில் சுடிதாரோடும் சேலையோடும் போகிறவர்கள் தொளதொளவென்ற போன்ச்சோ மழைக்கோட்டைத் தவிர்ப்பது நல்லது. காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கினால் விபத்துதான். துப்பட்டா, முந்தானை இரண்டையும் ஜாக்கெட்டுக்கு உள்ளே சொருகிக்கொள்ளுங்கள்.

அழுக்கு தெரியாது என்று கறுப்பு வாங்குகிறவர்கள்தான் அதிகம். மழை இருட்டில் பின்னால் வரும் லாரி டிரைவருக்குக் கறுப்பு தெரியாது. மேலே போடும் மழை ஜாக்கெட்டையாவது மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில், ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டைகளோடு வாங்கலாம்.

குளியலறையில் ஒரு பரீட்சை

மழை ஜாக்கெட் வாங்கியதும் மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஈரம் பட்டால் நிறம் மாறித் தெரியும் வெளிர் நீலக் காட்டன் சட்டை ஒன்றைப் போட்டு, மேலே ஜாக்கெட்டை மாட்டி, ஷவரில் பத்து நிமிடம் நில்லுங்கள். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கழற்றிப் பார்த்தால் எங்கே ஒழுகுகிறது என்று சட்டை சொல்லிவிடும். நனைத்த பொருளைத் திருப்பி எடுப்பார்களா என்பதை மட்டும் கடையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு

நனைந்த ஜாக்கெட்டைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் திணிப்பதுதான் அதன் ஆயுளைக் குறைக்கும் முதல் காரணம். எஞ்சின் சூடும் ஈரமும் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும், டேப் உரியும். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூச்சு உதிர ஆரம்பித்துவிட்டால் அந்தக் கோட்டின் காலம் முடிந்தது என்று அர்த்தம்.

நிழலில், ஹேங்கரில் தொங்கவிட்டுக் காயவையுங்கள். துவைக்கும்போது பேடுகளை எடுத்துவிட வேண்டும். மென்மையான சோப்புத் திரவம் போதும். துணியை மிருதுவாக்கும் கண்டிஷனர் கூடாது, அது நீர் ஒட்டாத பூச்சைக் கெடுத்துவிடும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடாமல் துணியில் பரவ ஆரம்பித்தால், அதற்கென்று கிடைக்கும் ஸ்பிரேயை அடித்துக்கொள்ளலாம்.

பட்ஜெட் குறைவு என்றால்?

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க வேண்டியதில்லை. முதலில் தரமான ஹெல்மெட். அடுத்து பேட் வைத்த மெஷ் ஜாக்கெட். மூன்றாவதாக அதற்கு மேலே போட மழை ஜாக்கெட்டும் பேன்ட்டும். ஏற்கெனவே நல்ல மழைக்கோட்டு இருக்கிறது, ரைடிங் ஜாக்கெட்டுக்கு மேலே அது ஏறுகிறது என்றால், மூன்றாவது செலவைத் தள்ளிப்போடலாம். எல்லாம் செய்யும் ஒரே ஜாக்கெட்டுக்கு ஒரு பெரிய தொகையைக் கொடுத்து, மாசி வந்ததும் அதை அலமாரியில் வைப்பதைவிட, இந்த வரிசை பாக்கெட்டுக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது.

வாங்குவதைப் புரட்டாசிக்குள் முடித்துவிட்டால், ஒழுகும் கோட்டை மாற்றிக்கொள்ளவும் அவகாசம் இருக்கும்.