உடுவிலை மறக்கலாமா?

1862இல் வெளிவந்த வின்ஸ்லோ ஐயரின் தமிழ் அகராதியைப் பலரும் அறிவர். அவர் மனைவி ஹாரியட்டை அறிந்தவர் சிலரே. இது முறையன்று என்பது எங்கள் எண்ணம்.

1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய இத்தம்பதியர் யாழ்ப்பாணத்து உடுவிலில் ஊழியம் செய்தனர். (அவர்கள் நம் திருச்சபையினர் அல்லர், நல்லதைச் சொல்ல அது தடையா?) 1823இல் அவர்களுடைய மிஷன் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்குச் செமினரி தொடங்கியது. மறு ஆண்டே உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி எழுந்தது. அதை நடத்தியவர் ஹாரியட். பெண்ணை விடுதிக்கு அனுப்பப் பெற்றோர் அஞ்சிய காலம் அது.

செமினரியில் படித்தவர்களுக்குக் கற்ற கிறிஸ்தவ மனைவியர் வேண்டுமென்பதும் அப்பள்ளி தோன்ற ஒரு காரணமாம். இங்கேதான் எங்கள் மனம் ஒப்பவில்லை. ஆண் கற்றால் ஊருக்கு, பெண் கற்றால் கணவனுக்கு மட்டுமா? எங்கள் வாழவந்தியில் இன்றும் சில வீடுகளில், "மேலே படிக்க வைத்தால் மாப்பிள்ளைக்கு எங்கே போவது?" என்கிறார்கள்!

ஹாரியட் அம்மையார் 1833இல், 36ஆம் வயதில், உடுவிலிலேயே காலமானார். செமினரி 1855இல் மூடப்பட்டது. யாழ்ப்பாணக் கல்லூரியாக அது மறுபடி எழ 1872 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உடுவில் பெண்கள் பள்ளியோ 200 ஆண்டு கடந்தும் நடந்து வருகிறது.