விதைக்கு விட்ட காய்: வீட்டுத் தோட்டக்காரர்களின் கொள்கைப் பிரகடனம்

ஆடி பிறக்கிறது. மொட்டை மாடிகளிலும் கொல்லைகளிலும் வாசல் ஓரங்களிலும் மண்ணைக் கிளறிக் கொண்டிருக்கும் நாங்கள், இந்தப் பட்டத்தில் ஓர் இயக்கமாக எழுகிறோம். இதுவரை தனித்தனி வீடுகளாக இருந்தோம். இனி ஒரே தோட்டமாக இருப்போம். இதுவரை செடி வளர்த்தோம். இனி விதை வளர்ப்போம்.

எங்கள் கொள்கை முழுவதும் அந்தக் கடைசி இரண்டு சொற்களில் அடங்கும். மற்றவை அதன் விரிவுரை.

விதையைக் கடையிலும், காயைச் சந்தையிலும், அறிவைப் பொட்டலத்தின் பின்புறத்திலும் தேடச் சொன்ன காலம் முடிந்துவிட்டது. அது வீட்டிலிருந்து கொல்லையைப் பிரித்தது. கொல்லையிலிருந்து விதையைப் பிரித்தது. 2020 மே மாதத் தொடக்கத்தில் சென்னையின் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது, ஒரு மாநகரத்தின் அத்தனை அடுப்பங்கரைகளும் ஒரே வாசலை நம்பியிருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. மாடியில் நாலு பை தண்டுக்கீரை வைத்திருந்த வீடு, அந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்கும் கிள்ளிக் கொடுத்தது. பெரிய அமைப்பு தடுமாறிய இடத்தில் சிறிய பை நின்றது. அந்தப் பையிலிருந்து எங்கள் வரலாறு தொடங்குகிறது.

காலத்தை மதிப்பது எங்கள் முதல் கொள்கை. ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொல்கிறது பழமொழி. பட்டத்தைத் தேடு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். விதையையும் தேடு என்று நாங்கள் சேர்த்துப் படிக்கிறோம். ஜூலை நடுவில் ஆடி பிறக்கும்போது கத்திரி வெயிலின் கொடுமை அடங்கியிருக்கும்; மேல்காற்றோடு அவ்வப்போது மழை எட்டிப் பார்க்கும். இப்போது ஊன்றிய விதை, அக்டோபர் மூன்றாம் வாரம் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் வேர் பிடித்து நிமிர்ந்துவிடும். முன்னோர் வானத்தைப் படித்தார்கள். நாங்கள் அந்தப் படிப்பைத் தொடர்கிறோம்.

ஆகவே இந்தப் பட்டத்தின் திட்டம் தெளிவானது. வெண்டையும் கொத்தவரையும் நேரடியாக ஊன்றப்படும். 45 நாளில் வெண்டை குழம்புக்கு வரும். கத்தரியும் தக்காளியும் மிளகாயும் நாற்றாங்காலில் பிறந்து, ஒரு மாதம் கழித்துப் பைகளுக்குக் குடிபோகும். பீர்க்கு, புடலை, பாகல், சுரை நான்குக்கும் பந்தல் இப்போதே கட்டப்படும். கொடி வந்தபின் பந்தல் தேடுவது எங்கள் வழக்கம் இல்லை. சிறுகீரையும் முளைக்கீரையும் வாரம் ஒரு பையாகத் தூவப்படும், மூன்று வாரத்தில் ஒன்று முடிய இன்னொன்று எழும். கொடியவரைக்கு அவசரம் கிடையாது. நாட்டு அவரை பகல் குறுகி இரவு நீண்டால்தான் பூக்கும். ஆடியில் போட்ட விதை கார்த்திகை, மார்கழிப் பனிக்குத்தான் ஊதா நிறத்திலோ வெள்ளையாகவோ பூவெடுக்கும். அதை விரட்டிப் பூக்க வைக்க நாங்கள் முயல மாட்டோம். காத்திருப்பதும் வேளாண்மைதான்.

மூலிகை எங்களுக்கு மருந்துக் கடைக்கு மாற்று இல்லை, அடுப்பங்கரையின் நீட்சி. துளசியும் கற்பூரவல்லியும் தூதுவளையும் வெயில் படும் விளிம்பில் நிற்கும். புதினாவும் வல்லாரையும் நிழலும் ஈரமும் கேட்கும், அவற்றுக்குத் தண்ணீர்த் தொட்டியின் ஓரம். பிரண்டை எங்கும் பிழைக்கும். எந்த இலையும் எல்லா நோயும் தீர்க்கும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்; இருமலுக்கு ஆகும் ரசத்தை இருமலுக்கான ரசம் என்றே சொல்வோம்.

பூவை அலங்காரம் என்று ஒதுக்கியதும் பழைய பார்வையின் பிழை. துலுக்கச் சாமந்தியின் வேர், மண்ணிலிருந்து தக்காளி வேரைக் குடையும் நூற்புழுவை ஒடுக்கும். சங்குப்பூ அவரையின் இனம், வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும். செம்பருத்தியைத் தேடி வரும் தேனீ பூசணிப் பூவுக்கும் போகும். மல்லிகை மட்டும் தன் மணத்துக்காகவே வளர்க்கப்படும், அந்த உரிமை அதற்கு உண்டு. கார்த்திகையில் கவாத்து செய்தால் பங்குனியில் மொட்டு திரளும். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013-இல் கிடைத்தது. எங்கள் வாசல் பந்தலில் அது அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது.

இனி விதைக்கு வருகிறோம். இங்கே நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் பாட்டிமார் ஒரு சுரைக்காயைப் பறிக்காமல் விட்டார்கள். நடுப்பறியில் வந்த காய், கொடியின் நல்ல கணுவில் தொங்கிய காய், அதில் ஒரு துணிக் கிழிசல் கட்டியிருக்கும். ‘அது விதைக்கு’ என்றால் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். காய் முற்றி, நரம்பு காய்ந்து, தட்டினால் உள்ளே கலகலவென்று கேட்கும்போது இறக்குவார்கள். விதைகளை ஈரச் சாணத்தில் பதித்து வறட்டியாகச் சுவரில் தட்டுவார்கள். மறு ஆடியில் வறட்டியை உடைத்தால் விதை பூச்சி தின்னாமல் வெளியே வரும். கத்தரி விதை சாம்பலில் புரண்டு மண்பானைக்குள் போகும். பெயரில்லாத அந்த நிபுணர்கள் எந்த விருதும் பெறவில்லை. தங்கள் காய்களை மட்டும் நமக்கு விட்டுச் சென்றார்கள். அந்த விதைக்காய்தான் எங்கள் கொடி, எங்கள் சின்னம்.

பீர்க்கில் விதைத் தூய்மை காப்பது ஒரு மாலை நேர வேலை. பீர்க்கம்பூ சாயங்காலம் விரியும். விரியும் முன் மதியமே இரண்டு ஆண் மொட்டுகளையும், அடியில் விரல் நுனி அளவு பிஞ்சு தாங்கிய ஒரு பெண் மொட்டையும் நூலால் கட்டிவிட வேண்டும், வேறு மகரந்தம் உள்ளே போகாதபடி. பொழுது சாயும்போது கட்டை அவிழ்த்து, ஆண் பூவின் இதழை உரித்து, அதன் மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவி, மறுபடியும் கட்ட வேண்டும். காம்பில் ஒரு சிவப்பு நூல் அடையாளம். சில நாளில் பிஞ்சு நீளத் தொடங்கினால் சூல் பிடித்துவிட்டது. அந்தக் காயைச் சமைக்கக் கூடாது. அது பழுப்பேறி, எடை குறைந்து, நுனியின் மூடி கழன்று கருப்பு விதைகள் கையில் கொட்டும் வரை கொடியிலேயே இருக்கட்டும். பத்து நிமிட வேலை, பல தலைமுறைக்குக் காவல். தக்காளிக்கும் அவரைக்கும் இந்தப் பாடு பெரும்பாலும் வேண்டாம், அவை தம் பூவுக்குள்ளேயே கருவுறுகின்றன. புதிதாகச் சேர்பவர்கள் அவற்றிலிருந்தே தொடங்குங்கள்.

எடுத்த விதையை நம்பிவிடவும் மாட்டோம். ஈரத் துணியில் பத்து விதை. எட்டு முளைத்தால் பைக்குப் போகலாம். அம்மன் கோயில் முளைப்பாரி, ஊர் கூடி விதையின் உயிரைப் பார்த்த சோதனை என்றே நாங்கள் கொள்கிறோம். பக்தியும் பரிசோதனையும் ஒரே மண்சட்டியில் முளைத்த நாடு இது.

எங்கள் மறுப்புகளையும் திறந்து சொல்கிறோம்.

மருந்து பூசிச் சிவப்பாகவும் நீலமாகவும் வரும் வீரிய ஒட்டு விதையை மறுக்கிறோம். அதன் முதல் காய்ப்பு கண்ணைப் பறிக்கும். அதன் விதையை எடுத்துப் போட்டால் பிள்ளை தாயைப் போல இருக்காது. ஆண்டுதோறும் கடைக்குத் திரும்ப வைக்கும் விளைச்சல் எங்களுக்கு விளைச்சல் ஆகாது. அறிவியலை நாங்கள் மறுக்கவில்லை. பெரியகுளத்தில் உருவான பிகேஎம்-1 முருங்கை, விதை எடுத்து வளர்க்க முடிகிற பொதுச் சொத்து. அதற்கு எங்கள் வேலியில் இடமுண்டு. விதை திரும்பி வருமா, வராதா என்பதே எங்கள் ஒற்றை அளவுகோல்.

மாடியில் இரசாயனப் பூச்சிக்கொல்லியை மறுக்கிறோம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் அசுவினிக்குப் போதும். மாவுப்பூச்சியைக் கையாலே துடைப்போம். பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி, அதற்கு மேல் இல்லை. அளவு மீறிய இயற்கையும் செடியைச் சுடும்.

பொறுப்பற்ற பசுமையையும் மறுக்கிறோம். ஈரமண் ஒரு கன அடி 50 கிலோ வரை கனக்கும். தளத்தின் வலு தெரியாமல் பை அடுக்குவது ஆர்வம் அல்ல, அலட்சியம். ஆகவே செம்மண்ணோடு கழுவி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவைக் கலந்து எடை குறைப்போம். பைகளைச் செங்கல் மேல் உயர்த்தி ஐப்பசி மழைக்கு வழிவிடுவோம்.

உழவருக்குப் போட்டியாக நாங்கள் வரவில்லை. எங்கள் மாடி ஒரு குடும்பத்தின் கீரையைத் தரும், நாட்டின் சோற்றைத் தராது. ஆனால் ஒரு கத்தரியை வளர்த்தவருக்கு அதன் விலையைப் பேரம் பேச நா எழாது. தோட்டம் வைத்த நகரமே உழவரின் குரலைக் கேட்கும் காது பெறும்.

காலம் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் பகிரவும் உழவருக்குள்ள உரிமையை எழுத்தில் உறுதிசெய்தது. மரபணு மாற்றிய பி.டி. கத்தரி வாசல் வரை வந்தபோது ஏழு நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்கப்பட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று அது நிறுத்திவைக்கப்பட்டது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013-இல் மறைந்தார். கரூர் மாவட்டத்துக் கடவூரில் அவர் தொடங்கிய வானகம் பண்ணை மறையவில்லை. வேலூர் முள்ளுக் கத்தரியும் இராமநாதபுரம் முண்டு மிளகாயும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றன. அவை இன்று ஊரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. குறியீடு பெயரைக் காக்கும், விதையைக் காப்பது வீடு. வேலூர்க் கத்தரியின் காம்பு முள் குத்தும், குத்தட்டும். அந்த முள்ளும் அதன் சுவையும் சேர்ந்தே நமக்கு வந்தன.

இந்த இயக்கத்துக்குத் தலைமை நாற்காலி கிடையாது, சந்தா கிடையாது. ஒரே ஒரு கடமை உண்டு. ஒவ்வொரு வீடும் ஒரு நாட்டு ரகத்தைத் தன் பொறுப்பில் எடுக்க வேண்டும். ஒரு வீட்டுக்குப் பீர்க்கு, பக்கத்து வீட்டுக்குத் தக்காளி, எதிர் வீட்டுக்கு அரைக்கீரை. எல்லாவற்றையும் எல்லோரும் காக்க முயன்றால் எதுவும் மிஞ்சாது. ஒன்றை ஒருவர் காத்தால் தெருவே விதைப்பத்தாயம் ஆகும். ஒரு கைப்பிடி வாங்கியவர் இரண்டு கைப்பிடி திருப்புவார். விதையோடு அதன் பெயரையும், அது வந்த ஊரையும், எந்த மாதம் ஊன்றினோம் என்பதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பார். பெயர் தொலைந்த விதை பாதி தொலைந்த விதை.

இடமில்லை என்று தயங்குபவர்களுக்கும் சொல்கிறோம். வாடகை வீட்டின் ஜன்னல் கம்பியில் ஏறிய அவரைக்கொடியும் எங்கள் உறுப்பினர்தான். செடி வாடிப்போனவர்களும் வாருங்கள். ஒரு பட்டம் தவறினால் தைப் பட்டம் இருக்கிறது, அதுவும் தவறினால் சித்திரை இருக்கிறது.

ஆடிப் பதினெட்டு அன்று உங்கள் தெருவில் ஒரு திண்ணையையோ மாடிப்படியின் கீழ்த் தட்டையோ தேர்ந்தெடுங்கள். இருக்கிற விதையைக் கொண்டுவந்து பரப்புங்கள். விதை இல்லாதவர்கள் வெறுங்கையோடு வரலாம். ஆளுக்கு ஐந்து அவரை விதை கொடுங்கள். மாசியில் நெற்று காய்ந்ததும் அவர்கள் பத்தாகத் திருப்பித் தரட்டும்.