வாடகை மண்ணில் மாளிகை!

"ஹஜ்ரத், என் கடை மூடிப் போச்சு!"

ஒரு கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, ஓர் இளைஞர் என் கையைப் பிடித்துக் கொண்டு சொன்ன வார்த்தை இது. பதறிப் போய், "எந்தத் தெருவில் கடை தம்பி? தீப்பிடித்து விட்டதா?" என்று கேட்டேன். "தெருவுல இல்லை ஹஜ்ரத். செல்போன்லதான் கடை" என்றார்.

வீட்டில் தாயாரும் சகோதரியும் தைக்கும் புர்காக்களைப் படம் பிடித்து, ஒரு செயலியில் போட்டு, மூன்று ஆண்டுகளாக விற்று வந்தவர் அவர். ஒரு நாள் காலையில் கணக்கு முடக்கப்பட்டு விட்டது. காரணம் சொல்லவில்லை. முறையிட்டால் பேச ஆளில்லை. இயந்திரம்தான் பதில் அனுப்புகிறது.

"வாங்கியவர்களின் போன் நம்பரை எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "எல்லாம் அதுக்குள்ளேயே இருந்துச்சு ஹஜ்ரத்" என்று தலை குனிந்தார்.

சகோதரர்களே! வணிகப் பெருமக்களே! சற்றே சிந்தித்துப் பாருங்கள். மண்ணடியில் கடை பிடிக்கும்போது எத்தனை கேள்வி கேட்கிறோம்? இடம் யாருடையது? ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? முன்பணம் எவ்வளவு? காலி செய்யச் சொன்னால் எத்தனை மாத அவகாசம்? நான்கு பெரியவர்களை வைத்துப் பேசி முடித்த பிறகுதான் சாவியை வாங்குகிறோம். ஆனால் செல்போனில் கடை போடும்போது? "ஒப்புக் கொள்கிறேன்" என்ற பொத்தானைப் படிக்காமலேயே அமுக்கி விடுகிறோம்!

ஒரே இரவில்...

டிக்டாக் கதை நினைவிருக்கிறதா? 2019 ஏப்ரல் 3 அன்று, அந்தச் செயலியைப் பதிவிறக்கம் செய்யத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. கூகுளும் ஆப்பிளும் தங்கள் கடையிலிருந்து அதை எடுத்து விட்டன. ஏப்ரல் 24 அன்று தடை நீங்கியது. மூன்று வாரம் அடித்த எச்சரிக்கை மணி அது. யார் காதில் விழுந்தது? பழையபடி ஆட்டமும் பாட்டமும் தொடர்ந்தன.

அடுத்த ஆண்டு கல்வான் பள்ளத்தாக்கில் சீன ராணுவத்துடன் மோதல். 2020 ஜூன் 29 அன்று 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. அதில் டிக்டாக்கும் ஒன்று. லட்சக்கணக்கில் பின்தொடர்பவர்களைச் சேர்த்து வைத்திருந்த கிராமத்து இளைஞர்கள், காலையில் எழுந்து பார்த்தபோது ஒருவர் கூட மிஞ்சவில்லை. தடை சரியா, தவறா என்பது வேறு விவாதம். நான் கேட்பது ஒன்றுதான்: அந்த இளைஞர்கள் செய்த குற்றம் என்ன? அடுத்தவன் நிலத்தில் வீடு கட்டியதைத் தவிர வேறெதுவும் இல்லையே!

முதலாளிகள் அழுது கொண்டிருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஷேர்சாட் நிறுவனம் சில நாட்களிலேயே மோஜ் என்ற செயலியோடு வந்து நின்றது. இன்ஸ்டாகிராம் தனது ரீல்ஸை ஜூலை 8 அன்று இந்தியாவில் இறக்கியது. தடை விழுந்து ஒன்பதே நாள்! செப்டம்பரில் யூடியூப் தனது ஷார்ட்ஸோடு வந்தது. ஒருவன் கடை மூடினால் பக்கத்தில் மூன்று பேர் கடை திறக்கிறார்கள். அவர்களுக்கு அது வியாபாரம். நம் பிள்ளைகளுக்கோ மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து ஓட்டம்.

வாடகை ஏறுவதும் இப்படித்தான். "உங்கள் கடைக்கு ஒரு பக்கம் தொடங்குங்கள்" என்று ஃபேஸ்புக் முதலில் அழைத்தது. கூட்டம் சேர்ந்தது. 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை, நிறுவனங்களின் பதிவுகள் குறைவாகவே காட்டப்படும் என்று மார்க் ஸக்கர்பெர்க் அறிவித்தார். நீங்கள் சேர்த்த வாடிக்கையாளருக்கு உங்கள் சரக்கைக் காட்ட, நீங்களே விளம்பரக் கட்டணம் கட்ட வேண்டிய நிலை! இதை என்னவென்று சொல்வது?

பெரிய முதலாளியும் வாடகைக்காரரே!

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த ஃபேஸ்புக்கே இன்னொருவர் மண்ணில் குடியிருக்கும் வாடகைக்காரர்தான். 2021 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் ஐபோனில் ஒரு விதியைக் கொண்டு வந்தது. பிற செயலிகளிலும் இணையதளங்களிலும் ஒருவர் செய்வதைப் பின்தொடர வேண்டுமானால், அவரிடம் அனுமதி கேட்டே தீர வேண்டும் என்பதே அந்த விதி. 'வேண்டாம்' என்று பலர் சொல்லி விட்டார்கள். மெட்டா என்று பெயர் மாற்றிக் கொண்ட அந்த நிறுவனம், இதனால் 2022இல் சுமார் 1000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று தானே அறிவித்தது. அறிவித்த மறுநாள் அதன் பங்கு விலை 26 சதவீதம் சரிந்தது!

அந்த விதி வருவதற்கு முன்பே, 2020 டிசம்பரில், ஆப்பிளைக் கண்டித்து ஃபேஸ்புக் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. எங்கே? அமெரிக்காவின் அச்சுப் பத்திரிகைகளில்! சிறு வணிகர்களுக்காகப் போராடுகிறோம் என்று அதில் முழங்கியது. உலகையே தன் திரையில் கட்டிப் போட்டவர், தன் வயிற்றில் அடி விழுந்ததும் காகிதத்தைத் தேடி ஓடினார். இதில் நமக்குப் பாடம் இல்லையா?

2021 அக்டோபர் 4 இரவையும் மறந்து விடாதீர்கள். பராமரிப்புப் பணியில் கொடுத்த ஒரு தவறான கட்டளை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுவதும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் செத்துக் கிடந்தன. மூன்று கடை என்று நாம் நினைத்தது ஒரே கட்டடத்தின் மூன்று வாசல்கள் என்பது அன்றுதான் பலருக்குப் புரிந்தது.

என்ன செய்யலாம்?

"அப்படியானால் செல்போனைத் தூக்கி எறியச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை, இல்லவே இல்லை! சந்தை கூடும் இடத்துக்கு வியாபாரி போகத்தான் வேண்டும். சந்தையில் கூடாரம் போடுங்கள். ஆனால் பேரேட்டை வீட்டில் வையுங்கள்.

வணிகர்களே! வாங்கியவரின் பெயர், ஊர், போன் நம்பர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் இருக்கிறதே என்று இருந்து விடாதீர்கள். உங்கள் கடைப் பெயரில் சொந்தமாக ஓர் இணையதள முகவரி வாங்குங்கள். அதை மாதாமாதம் வரும் செலவாக நினைக்காமல், கடைப் பலகையாக நினையுங்கள். சரக்கின் படங்களைத் தனியாகச் சேமித்து வையுங்கள். ஒரே நிறுவனத்தின் மூன்று செயலிகளில் இருந்து கொண்டு, மூன்று இடத்தில் இருக்கிறோம் என்று ஏமாறாதீர்கள்.

இளைஞர்களே! பின்தொடர்பவர்களின் எண்ணிக்கை உங்கள் சொத்தாகாது. படம் எடுக்கவும், வெட்டி ஒட்டவும், எழுதவும், கணக்குப் பார்க்கவும், மென்பொருள் செய்யவும் கற்றால் அதுவே சொத்து. எந்தச் செயலி மூடினாலும் அந்தக் கைத்தொழில் உங்களோடு வரும். ஐந்து மணி நேரம் பார்ப்பவன் வாடிக்கையாளன். ஒரு மணி நேரம் கற்பவன் தொழிலாளி. நீங்கள் எந்தப் பக்கம்?

அந்தத் தம்பியை மறுபடியும் சந்தித்தேன். பழைய கூரியர் ரசீதுகளை வீடெங்கும் தேடி எடுத்து, முகவரிகளை ஒவ்வொன்றாக நோட்டில் ஏற்றிக் கொண்டிருக்கிறார். பாதிப் பேர்தான் கிடைத்தார்கள். "மிச்சப் பேர்?" என்றேன். "போனவங்க போனதுதான் ஹஜ்ரத். இனிமே நோட்டை விட மாட்டேன்" என்றார்.

கடை மூடிய பிறகு அவர் வாங்கிய நோட்டை, கடை திறந்திருக்கும்போதே நாம் வாங்கி விடக் கூடாதா?