மாண்டார் உடைமை

திருப்பூர்ப் பனியன் தொழிற்சாலைகளை நாடி ஒடிசா, பீகார் முதலிய மாநிலத்தாரும் வந்து உழைக்கின்றனர். அவருள் ஒருவர் விபத்தினாலோ பிறர் கொடுமையினாலோ மாள்வாராயின், உடல் சவப்பரிசோதனைக்குப்பின் உறவினரை அடையும். மோதிரமும் கைப்பேசியுமோ சான்றுப்பொருள் எனக் காவல் நிலையத்தே தங்கிவிடும். வழக்கு முடியும் நாளை யாரே அறிவார்?

சான்று காத்தல் வேண்டாவென்பது எம் கருத்தன்று. குருதி படிந்த ஆடையும் ஆயுதமும் வழக்கிற்கு இன்றியமையாதன. ஆயின் எல்லாப் பொருளும் அத்தகையனவோ? விவரக் குறிப்பெழுதி, நிழற்படம் எடுத்து, பிணைமுறி பெற்று, விலையுயர்ந்த பொருள்களை உரியவரிடம் விரைந்து ஒப்புவிக்கலாம் என 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆம் பிரிவோ, நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட்ட பொருளுக்கு 14 நாளில் விவர அறிக்கையும், அதன்பின் 30 நாளில் ஒப்படைப்பு முதலியன பற்றிய ஆணையும் வேண்டுமென விதிக்கின்றது.

சட்டம் உளது, அதனை அறிந்து மனுச் செய்வாரே இலர். தமிழறியாத தாயொருத்தி நெடுந்தொலைவினின்று வந்து எவரை வினவுவாள்? உடலை ஒப்புவிக்கும் அன்றே, பொருட்பட்டியலின் படியொன்றும், மனு எழுதும் முறையும் அவள் மொழியிலேயே தரப்படுதல் வேண்டும். வழக்கறிஞராய் விளங்கும் நம் பழைய மாணவர் இப்பணியை மேற்கொள்வாராக. வழக்கிற்கு அது பொருளெண் ஒன்று. தாய்க்கோ, மகன் விரலில் இருந்த மோதிரம் அன்றோ!