நத்தார் பொதியும் கடை விறாந்தையும்: வீடற்றோருக்கான பண்டிகைக்கால உதவி பற்றி எங்கள் நிலைப்பாடு

டிசம்பர் பிறந்ததும், தலவாக்கலையில் வீடற்றோருக்கு உதவும் எங்கள் குழுவுக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். கொழும்பிலிருந்து ஓர் அலுவலக நண்பர் குழு, கண்டியிலிருந்து பழைய மாணவர்கள், கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற உறவுகள். "நத்தாருக்கு முதல் வந்து, வீடு வாசல் இல்லாத சனத்துக்குப் பொதி கொடுக்கலாமா?" என்று கேட்பார்கள். வாருங்கள் என்றுதான் இதுவரை சொன்னோம், இனியும் சொல்வோம். எப்படி வர வேண்டும் என்பதை மட்டும் இம்முறை எழுதியே வைக்கிறோம்.

முதலில் அந்தப் பொதி. ஐந்து கிலோ அரிசி, பருப்பு, மா, சீனி, சவர்க்காரம், தேயிலை. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அடுப்பு எரிகிற வீட்டுக்கு அது நல்ல பொதி. தலவாக்கலை நகரில் கடை விறாந்தையில் படுக்கிற பெரியவருக்கு அடுப்பு ஏது? வேன் புறப்பட்ட மறுநாள் காலையில் அதே பொதி பாதி விலைக்குக் கடைக்குத் திரும்பியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர் மேல் பிழை இல்லை, பொதி கட்டிய நாங்கள்தான் யோசிக்கவில்லை. ஒருவேளைச் சுடுசோறும், நனையாமல் படுக்க ஒரு தறப்பாளும், காலுக்கு ஒரு சோடி செருப்பும் அவருக்கு உதவியிருக்கும். நாற்பது வருடம் கொழுந்து பறித்த அம்மாவின் கையில் நூறு கிராம் தேயிலைத்தூளைக் கொடுத்துவிட்டுப் படம் எடுத்ததும் எங்கள் தொண்டர்கள்தான். அந்தப் படத்தை இப்போது பார்க்கக் கூசுகிறது.

அடுத்தது காலம். ஏறத்தாழ நாலாயிரம் அடி உயரத்தில் இருக்கிற இந்த ஊரில் வெளியே படுப்பவருக்கு டிசம்பர் மட்டும் கொடுமையான மாதம் அல்ல. மழை ஓய்ந்து வானம் வெளுத்த ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் குளிர் எலும்பில் இறங்கும். மே கடைசியில் தென்மேல் பருவக்காற்று வந்துவிட்டால், சாரல் விறாந்தைக்குள்ளேயே வந்து அடிக்கும். அந்த மாதங்களில் ஒரு வேனும் மலையேறுவதில்லை. ஆகவே நத்தாருக்கென்று எங்களிடம் தரப்படும் பணத்தில் பாதியை ஜூன், ஜூலைக்கு எடுத்து வைப்போம். இதற்குச் சம்மதிக்காதவர்களின் பணத்தை நன்றியோடு மறுப்போம்.

இவர்கள் விறாந்தைக்கு எப்படி வந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் காம்பரா, அதாவது லயத்து அறை, கிடைப்பது செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் பேர் இருப்பதால். ஒருவரின் பேர் போய், பிள்ளைகளும் கொழும்புக் கடைகளுக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டால், பிறந்து வளர்ந்த காம்பராவிலேயே அவர் விருந்தாளி. குடியோ, மனநோயோ, வீட்டுச் சண்டையோ பிறகு வந்து சேரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுதும் 600 பேருக்கு மேல் பலிகொண்டபோது, நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண் சரிந்து புதிதாகப் பலர் வீடற்றோர் ஆனார்கள். அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபாய் வரை என்று அரசு அறிவித்தது. லயத்தில் இருந்தவர் எந்த வீட்டின் உரிமைப் பத்திரத்தைக் காட்டுவார்?

முன்பு கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவும் நினைவிருக்கும். 2014 அக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. நிவாரணம் லொறி லொறியாக வந்தது. புது வீடுகள் கைக்கு வந்தது 2016 அக்டோபரில். இடையில் இரண்டு நத்தார் கடந்திருந்தது.

சட்டமும் இவர்கள் பக்கம் இல்லை. 1841-ஆம் ஆண்டின் 4-ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், வீடின்றித் திரிவதையே குற்றமாகப் பார்க்கிறது. நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாக வந்துகொண்டிருந்த காலத்தில் வெள்ளையர் போட்ட சட்டம் அது. பிடித்தவர்களை அடைத்துவைக்க 1907-இல் இன்னொரு கட்டளைச் சட்டம் போட்டார்கள். இரண்டும் நீக்கப்பட வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. பண்டிகைக்கு முன் "நகரைத் துப்புரவாக்க" என்று ஆட்களை வண்டியில் ஏற்றும் எந்த வேலைக்கும், யார் அழைத்தாலும், எங்கள் தொண்டர்கள் துணைபோக மாட்டார்கள்.

சாப்பாடு கொடுக்கும் இடத்தில் முகம் தெரியப் படம் எடுக்க விடமாட்டோம். சமயம் கேட்க மாட்டோம், ஜெபத்தில் உட்கார்ந்தால்தான் கேக் என்ற நிபந்தனையும் இராது. கோயில் ஐயாவும் தேவாலயச் சகோதரிகளும் எங்களோடு சேர்ந்தே சோறு பரிமாறியிருக்கிறார்கள். அதில் ஒருநாளும் சிக்கல் வந்ததில்லை.

லண்டனில் கிரைசிஸ் என்ற தொண்டு அமைப்பு 1970-களிலிருந்து நத்தார் நாட்களில் வீடற்றோருக்கு நிலையங்கள் திறந்து வருகிறது. அங்கே சாப்பாட்டோடு பல் வைத்தியர், முடிவெட்டுபவர், வீட்டு ஆலோசகர் என்று எல்லோரும் இருப்பார்கள். அந்த வசதி நமக்கு இல்லை. அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். எங்கள் சோற்றுப் பந்திக்குப் பக்கத்தில் படிவங்கள் நிரப்ப ஒரு மேசை இருக்கும். அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கும் முதியோர் கொடுப்பனவுக்கும் அடையாள அட்டை கேட்கிறார்கள். அட்டைக்குக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும், அதற்கு ஒரு முகவரி வேண்டும். இங்கேதான் எல்லாம் முட்டி நிற்கிறது. நகரில் படுப்பவர்கள் ஒரு பொது முகவரியில் பதிந்துகொள்ள பிரதேச செயலகம் வழிசெய்ய வேண்டும் என்று கேட்கிறோம். தபால் வந்து சேரும் பொறுப்பை நாங்கள் ஏற்கத் தயார்.

24-ஆம் திகதி இரவுக்கு இப்போதே ஆள் நிறைந்துவிட்டது. 26-ஆம் திகதி பின்னேரம் வரக்கூடியவர்கள் சொல்லுங்கள். அன்று பாத்திரம் கழுவ வேண்டும், இரண்டு பேரை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக வேண்டும், படிவங்களை நிரப்ப வேண்டும். சிங்களத்தில் எழுதத் தெரிந்த ஒருவர் கட்டாயம் தேவை.