வேலையோடு முதுகலை: அவசரம் எதற்கு?

வேலை பார்த்துக்கொண்டே எம்.ஏ., எம்.சி.ஏ., எம்.பி.ஏ. என்று ஆன்லைனில் சேருபவர்கள் இப்போது ஏராளம். "காலேஜுக்கு அலைய வேண்டாம், வேலையை விட வேண்டாம், வீட்டிலிருந்தே படித்துவிடலாம்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். உண்மைதான். ஆனால் ஆன்லைன் மிச்சப்படுத்துவது பஸ் பயணத்தை மட்டும்தான், படிக்கும் நேரத்தை அல்ல. பலருக்கு இது முதல் செமஸ்டர் பரீட்சை நெருங்கும்போதுதான் புரிகிறது!

ஒரு சின்னக் கணக்கு. இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. வீடியோ பார்ப்பது, பாடம் வாசிப்பது, அசைன்மெண்ட் எழுதுவது எல்லாம் இதில் அடக்கம். அப்படியானால் 80 கிரெடிட் கொண்ட ஒரு முதுகலைப் படிப்புக்கு 2400 மணி நேரம் ஆகும். இரண்டு வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் வாரத்துக்கு 23 மணி நேரம். அதாவது ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து, தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல்.

இனி வேலைக்குப் போகிறவரின் ஒரு நாளைப் பாருங்கள். ஆபீஸில் 9 மணி நேரம், போக வர 2 மணி நேரம், தூக்கம் 7 மணி நேரம். மிச்சம் இருப்பது 6 மணி நேரம். குளிப்பது, சாப்பிடுவது, கடைக்குப் போவது, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் இதற்குள்தான். சமையலும் தன் தலையில் என்றிருக்கும் பெண்களுக்கு அந்த ஆறும் ஆறாக இருக்காது. கடைசியில் எல்லோரும் கை வைப்பது தூக்கத்தில். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று சில மாதம் ஓடும். பிறகு படிப்பு நின்றுபோகும். "எனக்குப் படிப்பு வராது" என்று அவர்களே முடிவு கட்டிவிடுவதுதான் கொடுமை. குறைந்தது நேரம், அறிவு அல்ல.

இதற்கு வழி விதிமுறையிலேயே இருக்கிறது. இக்னோவின் இரண்டு வருட முதுகலைப் படிப்புகளை முடிக்க நான்கு வருடம் வரை அவகாசம் உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் 2014 ஜனவரியில் தொடங்கிய ஆன்லைன் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதுகலைக்கு ஆறு வருடம் வரை அவகாசம். அங்கே வேலை பார்ப்பவர்கள் செமஸ்டருக்கு ஒரே ஒரு பாடம் எடுத்துப் படிப்பது சகஜம். யாரும் அதைத் தோல்வி என்று சொல்வதில்லை. நம் ஊரில்தான் "இன்னுமா முடிக்கவில்லை?" என்ற கேள்வி!

நான்கு வருடம் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்குப் பதினொன்றரை மணி நேரம். வேலை நாட்களில் ஒரு மணி நேரம், சனி ஞாயிறில் மூன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் ஏறக்குறைய சரியாகிவிடும். ஒரு குடும்பஸ்தரால் முடிகிற காரியம்.

"அதற்குள் பிரமோஷன் போய்விடுமே" என்று கேட்கலாம். நியாயமான கவலைதான். ஆனால் பாதியில் விட்ட படிப்புக்கு எந்த நிறுவனமும் பிரமோஷன் தருவதில்லை. நான்கு வருடத்தில் வாங்கிய பட்டத்துக்கோ மதிப்பு குறைவதில்லை. அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டங்களுக்குச் சமம் என்று யுஜிசி 2022-ல் தெளிவுபடுத்திவிட்டது.

எனவே சேரும் முன் கேட்க வேண்டியது மூன்று கேள்விகள். படிப்புக்கு யுஜிசி அங்கீகாரம் இருக்கிறதா? முடிக்க அதிகபட்சம் எத்தனை வருடம் தருகிறார்கள்? வாரத்தில் எந்தெந்த மணி நேரம் தனக்கென்று மிஞ்சும்? மூன்றாவது கேள்வியை வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்பது நல்லது. அந்த நேரத்தை விட்டுக்கொடுக்கப் போவது அவர்களும்தானே!

பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?